முதலில் எங்கே போவது: ஸ்டேஷனா, 181-ஆ, பெரியாஸ்பத்திரியா, கோர்ட்டா?

போன மாசியில் ஒரு ராத்திரி, பதினொன்றேகால் மணி இருக்கும், எனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் குழுவில் இருக்கும் பெண். குரலை அடக்கிப் பேசினாள். "அக்கா, மாட்டுக் கொட்டத்துல ஒளிஞ்சு நிக்கிறேன்." வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடித்ததில் உதடு கிழிந்திருந்தது. அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார். ஏழு வயது மகன் உள்ளே தூங்குகிறான். அவள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "இப்ப நான் எங்கிட்டுப் போறது?"

திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ஊக்குநராகப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். கடன், தவணை, பாஸ்புக், இவைதான் என் வேலை. ஆனால் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, பாயைச் சுருட்டுகிற சாக்கில் ஒருத்தி மட்டும் நிற்பாள். அப்போது வருகிற பேச்சு வேறு. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுக்கப் பார்த்தால் நூற்றுக்கு 14 பேர்தான். மற்றவர்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆரம்பத்தில் நான் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வேன்: "போலீஸுக்குப் போ." பல பேருக்கு அது தப்பான பதிலாகப் போனது. இப்போதெல்லாம் முதலில் நான் கேட்பது, இன்றைக்கு உனக்கு எது அவசரம் என்பதைத்தான். உயிருக்குப் பயமா? காயத்துக்கு வைத்தியமா? படுக்க ஒரு இடமா? பிள்ளைக்கும் உனக்கும் மாதச் செலவுக்குக் காசா? இல்லை, செய்தவனுக்குத் தண்டனை கிடைத்தே ஆக வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் மதுரையில் தனித்தனி இடம் இருக்கிறது. ஒரு இடத்தில் கிடைப்பது இன்னொரு இடத்தில் கிடைக்காது. எது எதற்கு உதவும், எங்கே இடறும் என்று நான் கூடப் போய்ப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

ஊர்ப் பேச்சு

இதை ஒதுக்கிவிட்டு எழுதினால் அது நம் ஊர்க் கதையாக இருக்காது. தாய்மாமன், பெரியப்பா, ஊர்ப் பெரியவர்கள் என்றுதான் பெரும்பாலான பெண்கள் முதலில் போகிறார்கள். காரணமும் இருக்கிறது. அவர்கள் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள். அன்றைக்கு ராத்திரி அடியை நிறுத்த, உள்ளே மாட்டிக்கொண்ட பிள்ளையை வாங்கித் தர அவர்களால் முடியும். அதுவரைக்கும் சரி.

அதற்கு மேல் அவர்களிடம் எதிர்பார்க்காதீர்கள். பேச்சு எப்போதும் "நீயும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போத்தா" என்றுதான் முடியும். எழுத்தில் எதுவும் இருக்காது. அடுத்த முறை அடி விழும்போது, முதல் முறை அடி விழுந்ததற்குச் சாட்சியே இருக்காது. பாலியல் வன்முறை என்றால் ஊர்ப் பேச்சுக்குப் போகவே கூடாது. பணம் கொடுத்து முடிப்பது, செய்தவனுக்கே கட்டி வைப்பது என்று பேச அங்கே யாராவது ஒருவர் வந்துவிடுவார். பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015-லேயே சொல்லிவிட்டது. ஊர்ப் பெரியவர் எவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது.

மகளிர் ஸ்டேஷன்

நாட்டிலேயே முன்மாதிரியாகப் பேசப்பட்ட அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் தமிழ்நாட்டில் 1992-ல் தொடங்கின. மதுரை நகரத்திலும், திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களிலும் இப்போது இருக்கின்றன. உயிருக்கு ஆபத்து என்றால் இதற்கு மாற்று இல்லை. 100 அல்லது 112 அடித்தால் வண்டி வரும். கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆளைச் சமாதானப்படுத்த ஆலோசகரால் முடியாது, சீருடைதான் வேண்டும்.

ஆனால் ஸ்டேஷன் கொடுப்பது எது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். கணவரோ அவர் வீட்டாரோ செய்யும் கொடுமைக்குப் பழைய சட்டத்தில் 498ஏ என்ற பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அது தண்டனைக்கான வழி. படுக்க இடமோ, மாதச் செலவுக்குப் பணமோ எஃப்ஐஆரால் வந்துவிடாது.

இன்னொன்று, எஃப்ஐஆர் அவ்வளவு சீக்கிரம் விழுவதும் இல்லை. முதலில் மனுவாக வாங்கிக்கொண்டு, மனு வாங்கியதற்கு அத்தாட்சியாகச் சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். அப்புறம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள். குடும்பத் தகராறுகளில் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்க உச்ச நீதிமன்றமே இடம் கொடுத்திருக்கிறது, அதனால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்த விசாரணை எப்படி முடிகிறது என்பதில்தான் வில்லங்கம். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு ஸ்டேஷனுக்குப் போனேன். மூன்று நாள் அலைந்தோம். மூன்றாம் நாள் கணவரிடம் "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு, அவளிடமும் "சேர்ந்து வாழச் சம்மதம்" என்று கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். பதினாறாம் நாள் அவள் கை முறிந்தது. அந்தச் சம்மதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் ஸ்டேஷனுக்குப் போகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: புகாரை எழுத்தில் கொடுங்கள், ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள், விருப்பம் இல்லாமல் எந்தச் சம்மதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். எஃப்ஐஆர் போட்டால் அதன் நகல் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பாலியல் வன்கொடுமை என்றால் "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்ற பேச்சே செல்லாது, உடனே பதிய வேண்டும். "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்றும் தட்டிவிட முடியாது. எந்த ஸ்டேஷனிலும் பதிந்து, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே மாற்ற வேண்டும். வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராகவும், செய்தவர் அப்படி இல்லாதவராகவும் இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நம் பக்கத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மையை விட்டது போல. அந்தச் சட்டம் சேர்ந்தால் விசாரணை டிஎஸ்பி நிலை அதிகாரிக்குப் போகும், முதற்கட்ட விசாரணை என்று இழுக்க முடியாது, நிவாரணத் தொகையும் உண்டு.

181-ம் ஒருங்கிணைந்த சேவை மையமும்

181 பெண்களுக்கான இலவச எண். தமிழ்நாட்டில் 2018-ல் தொடங்கியது. நாள் முழுக்க எடுப்பார்கள். போனிலேயே பேசி, தேவைப்பட்டால் போலீஸுக்கோ ஆம்புலன்ஸுக்கோ சொல்லி, மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு இணைத்துவிடுவார்கள். 'சகி' என்று பெயர் சொன்னாலும் அந்த மையம்தான். மத்திய அரசுத் திட்டமாக 2015 ஏப்ரலில் தொடங்கியது.

மருத்துவ உதவி, போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கேட்க எளிதாக இருக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அடிபட்ட உடம்போடு நாலு ஆபீஸுக்கு அலைந்து, நாலு இடத்திலும் முதலிலிருந்து கதையைச் சொன்னவளுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவளுக்கு அது மறுபடி நடக்கிறது. மையத்தில் ஒரு முறை எழுதிக்கொண்டால், அங்கே இருக்கிற பணியாளர் கூடவே ஸ்டேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வருவார். தனியாகப் போன பெண்ணிடம் "போம்மா, நாளைக்கு வா" என்று சொல்கிற ஆள், பக்கத்தில் ஒருவர் பேப்பரும் பேனாவுமாக நின்றால் அப்படிச் சொல்வதில்லை. நான் கண்ணால் பார்த்தது இது.

குறைகளும் உண்டு. தங்க விடுவது பொதுவாக ஐந்து நாள் வரைக்கும்தான். ஐந்து நாளில் யாருடைய வாழ்க்கையும் சரியாகிவிடாது. அதற்கு மேல் தேவை என்றால் நீண்ட நாள் தங்கும் அரசு இல்லங்களுக்கு அனுப்பி வைப்பார்கள். கூடத் தங்கும் ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு உண்டு, அதனால் போன் பண்ணும்போதே மகனின் வயதைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பணியாளர்கள் ஒப்பந்த ஊழியர்கள். நல்லவர் ஒருவர் இருந்து, ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விடுவதும் நடக்கிறது. சில ஆலோசகர்கள் "சேர்த்து வைப்பது"தான் தங்கள் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பேச்சு போனால், "எனக்கு இப்ப அவரோட பேச வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லலாம். அதற்காக உங்களை வெளியே அனுப்ப முடியாது.

இவ்வளவு குறையோடும், வீட்டுக்குள் நடக்கிற வன்முறைக்கு முதல் போன் எது என்று கேட்டால், 181 என்றுதான் சொல்வேன். எஃப்ஐஆர் வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. யோசிக்க அவகாசம் கிடைக்கிறது.

பாதுகாப்பு அலுவலர்

பெண்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்தது இந்த வழிதான். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மாவட்டத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் உண்டு. சமூகநலத்துறையின் கீழ் வேலை பார்க்கிறார். மதுரையில் கலெக்டர் ஆபீஸில் சமூகநலத்துறை எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். அவரிடம் நடந்ததைச் சொன்னால், அதை ஒரு அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். பெண் கையெழுத்துப் போட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அவரே படிவத்தை நிரப்பித் தர வேண்டும்.

இந்தச் சட்டம் யாரையும் முதலிலேயே ஜெயிலுக்கு அனுப்புவதில்லை. பெண்ணுக்கு வேண்டியதைத் தருகிறது. அடிக்கக் கூடாது, வேலை பார்க்கிற இடத்துக்கு வந்து தொல்லை கொடுக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். வீட்டை விட்டு அவளை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். தேவை என்றால் கணவரையே வேறு இடத்துக்குப் போகச் சொல்லவும் கோர்ட்டால் முடியும். மாதச் செலவுக்குப் பணம், வைத்தியச் செலவு, நஷ்ட ஈடு, பிள்ளைகளைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். சீர்வரிசை நகையையும் திருப்பிக் கேட்கலாம்.

"வீடு எங்க மாமனார் பேர்ல இருக்குக்கா, எனக்கு என்ன உரிமை?" என்று கேட்காத பெண் இல்லை. குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீடு என்றால், அது மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொத்து உங்களுடையதாகிவிடாது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் தள்ள முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. குழுக் கூட்டத்தில் யாரும் வாயைத் திறந்து சொல்லாத ஒன்று. விருப்பம் இல்லாத மனைவியைக் கணவர் கட்டாயப்படுத்தினால், மனைவிக்கு 18 வயது ஆகியிருந்தால், இன்றைய குற்றவியல் சட்டம் அதைப் பாலியல் வன்கொடுமையாகக் கொள்வதில்லை. இது எனக்குக் கொஞ்சமும் சம்மதம் இல்லாத சட்டம். ஆனால் 2005 சட்டம் பாலியல் கொடுமையையும் குடும்ப வன்முறை என்றே சொல்கிறது. ஸ்டேஷனில் இதைச் சொல்லி "புருஷன்தானே" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பிய பெண்ணுக்கு, பாதுகாப்பு அலுவலரின் படிவத்தில் இதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. அதை நிரப்பச் சொல்லுங்கள். மனைவிக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அம்மா, அக்கா தங்கை, மகள், கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தவர், எல்லோரும் கேட்கலாம். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால், இப்போது இருக்கிற ஊரின் கோர்ட்டிலேயே போடலாம்.

வேகத்தைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் விசாரணை மூன்று நாளில், முடிவு அறுபது நாளில் என்பது சட்டத்தின் கணக்கு. அறுபது நாளில் முடிந்த வழக்கு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எதிர்த்தரப்பு நோட்டீஸை வாங்காமல் ஓடும், வாய்தா வாய்தாவாகத் தள்ளிப் போகும். அதனால் மனுவிலேயே இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும். எதிர்த்தரப்பு வராமலேயே அதைத் தர மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. உத்தரவை மீறினால்தான் அது குற்றமாகிறது: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்போது ஸ்டேஷனுக்குப் போனால் கையில் கோர்ட் காகிதம் இருக்கும். முதல் நாள் போனதற்கும் அன்றைக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரின் முகத்திலேயே பார்க்கலாம்.

ஒரே தெருவில் இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருத்தி எஃப்ஐஆர் போட்டாள். கணவர் கைதாகி, ஜாமீனில் வந்தார். மாமியார் வீட்டைப் பூட்டிவிட்டார். அவள் மூன்று வருடமாக அம்மா வீட்டில் இருக்கிறாள், நகை இன்னும் வரவில்லை. இன்னொருத்தி பாதுகாப்பு அலுவலரிடம் போனாள். ஏழு மாதம் ஆனது. இப்போது அதே வீட்டில் முன்பக்க அறையில் இருந்து தையல் மிஷின் ஓட்டுகிறாள், மாதம் பணம் வருகிறது. சில மாதம் வராது, மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டும். முதலாமவள் தப்பாக முடிவெடுத்தாள் என்று நினைக்காதீர்கள். அவள் கழுத்தில் கை வைத்தவர் அவர். உயிரோடு இருப்பதுதான் அவளுக்கு அவசரமாக இருந்தது, அதை ஸ்டேஷன் கொடுத்தது. ஆனால் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் போகலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஒன்றைப் போட்டால் இன்னொன்று போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

பாலியல் வன்முறை என்றால் வரிசை மாறும்

இங்கே முதல் இடம் ஆஸ்பத்திரி. ஸ்டேஷனுக்கு முன்னால், வக்கீலுக்கு முன்னால், சில நேரம் அம்மாவிடம் சொல்வதற்கும் முன்னால்.

காரணம் நேரம். கருத்தடை மாத்திரையையும் எச்ஐவி தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்ஐவி மருந்தை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். உடம்பில் இருக்கும் தடயங்களும் நேரம் ஆக ஆக அழியும். குளிக்காமல், உடுத்திய துணியைத் துவைக்காமல் போவது நல்லது. துணியை மாற்றிவிட்டால் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பாலிதீன் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். குளித்துவிட்டாலும், நாலு நாள் ஆகிவிட்டாலும் போங்கள். வைத்தியம் அப்போதும் வேண்டும்.

மதுரையில் இதற்கு அரசு ராஜாஜி மருத்துவமனை, நாம் சொல்கிற பெரியாஸ்பத்திரி, கோரிப்பாளையத்தில் ராத்திரியும் பகலும் திறந்திருக்கிறது. அங்கேதான் போக வேண்டும் என்பதில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு எந்த ஆஸ்பத்திரியும், தனியார் ஆஸ்பத்திரி உட்பட, உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மறுத்தால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. "முதல்ல எஃப்ஐஆர் காப்பி கொண்டாங்க" என்று சொன்னால் அது தப்பு. போலீஸ் வராமல் நேராக வந்தவரையும் பரிசோதிக்க வேண்டும் என்றுதான் 2014-ல் வந்த மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இரண்டு விரல் பரிசோதனை என்ற அசிங்கத்தை உச்ச நீதிமன்றம் 2013-லும், மறுபடி 2022-லும் தடுத்திருக்கிறது. யாராவது அதைச் செய்ய வந்தால் முடியாது என்று சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்து போலீஸுக்குத் தகவல் போகும், அது அவர்கள் கடமை. ஆனால் பரிசோதனை உங்கள் சம்மதத்தோடுதான். வைத்தியம் மட்டும் போதும் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காக வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. வழக்கா, வேண்டாமா என்பதைப் பிறகு யோசிக்கலாம், மாத்திரையைப் பிறகு யோசிக்க முடியாது. கரு உண்டாகிவிட்டாலும், 2021-ல் திருத்தப்பட்ட சட்டப்படி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள் 24 வாரம் வரை கலைத்துக்கொள்ளலாம்.

பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான் பாதிப் பேரைத் தடுக்கிறது. பாதிக்கப்பட்டவர் யார் என்று தெரியும்படி எதையும் வெளியிடுவது குற்றம். ஊர் வாயை எந்தச் சட்டமும் மூடாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் உள்ளூர் ஆஸ்பத்திரியை விட்டு மதுரைக்கு வர நினைத்தால், நான் தடுப்பதில்லை. இங்கே நர்ஸம்மா யாருடைய சித்தியாகவும் இருக்க மாட்டார்.

18 வயதுக்குக் கீழே என்றால் தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. போக்சோ சட்டப்படி விஷயம் தெரிந்தவர் எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும், டாக்டரும் டீச்சரும் நானும் கூட. 1098 குழந்தைகளுக்கான எண். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒன்று இருக்கிறது: விசாரணை முடியும்வரை குழந்தைக்குத் துணையாக ஒரு ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறார்கள். வளர்ந்த பெண்ணுக்கும் அதே கோர்ட், அதே நடுக்கம்தான். அவளுக்கும் அப்படி ஒருவரை விதியில் எழுதி வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறை கோர்ட் வராந்தாவில் உட்காரும்போதும் நினைப்பேன்.

வீட்டு அடியிலும் ஆஸ்பத்திரியை விட்டுவிடாதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் காட்டும்போது "படியில விழுந்துட்டேன்" என்று சொல்லாமல், யார் அடித்தது, எதை வைத்து அடித்தது என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். அந்தப் பதிவேட்டின் நகல், ஏஆர் காப்பி என்பார்கள், இரண்டு வருடம் கழித்துக் கோர்ட்டில் பேசும். காயம் அதற்குள் ஆறியிருக்கும்.

வக்கீலும் மற்றவர்களும்

பெண் என்பதே போதும், வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் வக்கீல் தருவார்கள். 15100-க்கும் போன் பண்ணலாம். இலவச வக்கீல் சரியாகப் பேச மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. சிலர் அப்படித்தான், சிலர் காசு வாங்கும் வக்கீலைவிட நன்றாகப் பார்க்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். நகையை அடகு வைத்து வக்கீலுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இதை ஒரு முறை பாருங்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கான இழப்பீட்டையும் இதே ஆணைக்குழுவில்தான் கேட்க வேண்டும். 2018-ல் வந்த தேசியத் திட்டத்தில் அது 4 லட்சத்திலிருந்து 7 லட்சம் வரை.

மதுரையில் பெண்களுக்காக வேலை செய்யும் தன்னார்வ அமைப்புகளும் இருக்கின்றன. உத்தரவு போட அவர்களால் முடியாது. ஆனால் வழக்கு முடிந்த பிறகும் போன் எடுப்பவர்கள் அவர்கள்தான்.

கோரிப்பாளையம், கலெக்டர் ஆபீஸ், கோர்ட் எல்லாம் வைகைக்கு வடக்கே ஒரே வட்டாரத்தில் இருப்பதால், காலையில் கிளம்பினால் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக் காகிதம், பாதுகாப்பு அலுவலர், சட்ட உதவி மனு மூன்றையும் முடிக்கலாம். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது இந்த விஷயத்தில் எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. முன்பெல்லாம் புகார் கொடுக்கப் போகவும் கணவரிடமே பஸ் காசு கேட்க வேண்டியிருந்தது. ஆதார், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக், பிள்ளையின் பள்ளிக்கூடக் காகிதம், கல்யாணப் போட்டோ ஒன்று, இவற்றைப் பக்கத்து வீட்டிலோ குழுத் தலைவியிடமோ முன்பே கொடுத்து வையுங்கள். உரிமைத் தொகை வருகிற ஏடிஎம் கார்டு அவர் கையில் இருந்தால், வங்கியில் சொல்லி அதை நிறுத்திப் புதுக் கார்டு வாங்குங்கள். வீட்டில் போனை எடுத்துப் பார்ப்பார்கள் என்றால் 181-க்கு வேறு ஒருவர் போனில் இருந்து அடியுங்கள்.

அந்த மாசி ராத்திரிக்கு வருகிறேன். நான் அவளிடம் 181-க்குப் பேசச் சொன்னேன். பேச வரவில்லை, அழுகைதான் வந்தது. நானே பேசினேன். பிள்ளை உள்ளே மாட்டியிருப்பதால் போலீஸையும் கூப்பிட வேண்டியிருந்தது. ரோந்து வண்டி வந்து கதவைத் திறக்க வைத்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. அன்றைக்கும் அடுத்த மூன்று நாளும் சேவை மையத்தில் தங்கினாள். விடிந்ததும் ஆஸ்பத்திரியில் காட்டி ஏஆர் காப்பி பதிந்தோம். அந்த வாரமே பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுத்தோம். சித்திரையில் இடைக்கால உத்தரவு வந்தது, அவளையும் பிள்ளையையும் வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்று. அவர் இப்போது அண்ணன் வீட்டில் படுக்கிறார்.

எஃப்ஐஆர் போடுவதா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒரு வாரம் போட வேண்டும் என்கிறாள், அடுத்த வாரம் வேண்டாம் என்கிறாள். நான் அவசரப்படுத்துவதில்லை. அடுத்த வாய்தா ஐப்பசி முதல் வாரத்தில். அன்றைக்குக் குழுக் கூட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு இரண்டு பேரும் கிளம்புகிறோம்.